செங்கால் நாரையின் போக்கும் வரவும்

தனிப்பாடல்களுள், சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூதுவிட்டுப் பாடிய பாட்டை அறியாத தமிழ் மாணவர் இலர் எனலாம். வறுமை காரணமாகத் தம் ஊரையும் மனைவியையும் பிரிந்து மதுரைக்கு வந்த புலவர், வாடைக் காலத்தில் போர்த்திக்கொள்ள ஆடையின்றி ஒடுங்கிக் கிடக்கின்றார். வானில் நாரை செல்கின்றது. அதனை விளித்து, தம் நிலையைத் தம் மனைவிக்குச் சொல்லுமாறு வேண்டுகின்றார். நாரையின் அலகுக்குத் தக்க உவமை எதுவென்று பன்னாள் எண்ணியும் காணாதிருந்த பாண்டியன், அவ்வழி வந்தவிடத்து இப்பாட்டைக் கேட்டு மகிழ்ந்து, புலவரின் வறுமையைப் போக்கினான் என்பது செவிவழிக் கதை.

இப்பாட்டுக்குப் பொழிப்பு எழுதச் சொன்னால் நம் மாணவர் குறைவின்றி எழுதுவர். அணி யாது, மெய்ப்பாடு யாது என்று வினவினும் விடை வரும். ‘புலவர் பாடிய பறவை எது?’ என்று வினவினால் வகுப்பு அமைதியாகிவிடும். அதற்காக அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நூலிலே பறவைப் பெயர் வருமிடமெல்லாம் ‘ஒரு புள்’, ‘பறவை விசேடம்’ என்று எழுதி மேற்செல்லுதல் உரைகாரர் தொட்டு வந்த வழக்கம். ஆயின், இப்பறவையின் வாழ்க்கையை அறிந்தவர்க்குப் பாட்டின் சுவை இருமடங்காகும். எத்தனையோ பறவைகள் இருக்க, இதனையே புலவர் தூதுக்குத் தெரிந்தெடுத்தது ஏன் என்பதும் விளங்கும்.

பாட்டிற் கண்ட அடையாளம்

புலவர் நமக்கு மூன்று அடையாளங்கள் தருகின்றார். பறவையின் கால் சிவப்பு. அதன் கூரிய அலகு பவள நிறம்; வடிவிலே பனங்கிழங்கை நெடுக்கே இரண்டாக்கி வைத்தாற் போன்றது. மூன்றாவது, அது வடக்கிலிருந்து குமரித்துறை நோக்கித் தெற்கே போய், மீண்டும் வடக்கே திரும்புவது.

பனங்கிழங்கைப் பற்றி யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. அடி பருத்து நுனி கூர்ந்து செல்லும் கிழங்கைப் பிளந்து இரு பாதியையும் நுனி சேரப் பிடித்துப் பார்ப்பவர், பாண்டியன் ஏன் மகிழ்ந்தான் என்பதை உரையின்றியே உணர்வர்.

இனி, இம்மூன்று அடையாளங்களையும் கொண்டு பறவையைத் தேடுவோம். நம் குளங்களிலும் களப்புகளிலும் அடிக்கடி காணப்படும் மஞ்சள்மூக்கு நாரைக்கு அலகு மஞ்சள். அது தென்னாட்டிலேயே கூடு கட்டி வாழ்வது. நத்தைகொத்தி நாரையின் அலகு மங்கிய நிறத்தது. மூடினாலும் நடுவே இடைவெளி தோன்றும். கொக்கினங்களோ கழுத்தை மடக்கிப் பறப்பன. பவள அலகும் செங்காலும் ஒருங்கே உடையன அல்ல. மூன்று அடையாளங்களும் ஒருங்கே நன்கு பொருந்துவது வெண்ணிற உடலும் கரிய சிறகோரமும் செவ்வலகும் செங்காலும் கொண்ட நாரைக்கு. தமிழ்ப் பறவை நூலார் செங்கால் நாரை என்று வழங்குவதும் அதனையே. ஐரோப்பாவிலும் வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் கூடு கட்டும் பெருங்கூட்டத்தை அன்றி, உஸ்பெகிஸ்தான் முதலிய மத்திய ஆசிய நாடுகளிற் கூடு கட்டும் மற்றொரு கூட்டமும் இதற்கு உண்டு. அம்மத்திய ஆசியக் கூட்டமே குளிர்காலத்தில் இந்தியாவை நோக்கி வருவது. தென்கோடிவரை வருவன சில. இலங்கைக்கு வருதல் அரிது.

உருவும் ஒழுக்கமும்

செங்கால் நாரை ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம் நிற்கும். எடை இரண்டரை முதல் நாலரைக் கிலோகிராம் வரை. சிறகு இரண்டையும் விரித்தால் இரண்டு மீற்றர் அளவு வரும். நீர்ப்பறவை என்று சொல்லப்படினும் ஆழ்ந்த நீரை அது விரும்புவதில்லை. ஈரமான புல்வெளியும் வெள்ளம் வடிந்த வயலும் ஆழமற்ற நீர்க்கரையுமே அதன் நிலம். அங்கே அளந்து அடிவைத்து நடந்து தவளை, மண்புழு, வெட்டுக்கிளி, எலி, சிறுமீன், சிறுபாம்பு ஆகியவற்றைக் கொத்தி உண்ணும். உழவர் புல் அறுக்கும்போது பின்னாலே நடந்து வந்து, ஓடும் பூச்சிகளைப் பிடித்தலும் உண்டு.

இப்பறவைக்குக் குரல் இல்லை எனலாம். வளர்ந்த நாரை சீறும் ஒலியன்றி வேறு குரல் எழுப்புவது அரிது. மகிழ்ச்சியும் சினமும் வரவேற்பும் எல்லாம் அலகாலே பேசப்படும். தலையைப் பின்னே வளைத்து முதுகிற் படும்படி சாய்த்து, இரு அலகையும் விரைந்து தட்டும். மரச்சலங்கை குலுங்குவது போன்ற அவ்வொலி நெடுந்தூரம் கேட்கும். வாய்பேசாத ஒரு பறவையிடமோ புலவர் தம் துயரைச் சொல்லியனுப்பினார் என்று எண்ணும்போது, பாட்டின் அவலம் மேலும் ஒருபடி ஏறுகின்றது.

செங்கால் எப்பொழுதும் செங்காலாக இருப்பதும் இல்லை. வெப்பம் மிக்க நாட்டிலே தன் எச்சத்தைத் தன் காலிலேயே விழவிட்டு, அந்த ஈரம் உலர்வதனாலே உடற் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழக்கம் இதற்கு உண்டு. அப்போது கால் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துத் தோன்றும். புலவரோ குளிர் மிகுந்த வாடைக் காலத்துப் பறவையைக் கண்டார். கால் சிவந்தே இருந்தது.

கூடு கட்டும் திறம் வியக்கத்தக்கது. உயர்ந்த மரம், வீட்டுக் கூரை, புகைபோக்கி, ஆலயக் கோபுரம், மின்கம்பம் என மனிதர் வாழுமிடத்தை ஒட்டியே அது கட்டும். ஒரு முறை கட்டிய கூட்டை ஆண்டுதோறும் புதுக்கிச் சுள்ளி சேர்த்துப் பெரிதாக்கும். பல ஆண்டுகள் கழிந்த கூடு ஒரு மீற்றருக்கு மேல் அகன்று, நூற்றுக்கணக்கான கிலோகிராம் எடை பெறுவதும் உண்டு. பெடை பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ 33 நாட்கள் அடைகாக்கும். குஞ்சு பறப்பதற்கு இரண்டு மாதம் செல்லும். வெயில் மிகுந்த நாளில் பெற்றோர் தொண்டையில் நீர் கொண்டுவந்து குஞ்சுகளின்மேல் ஒழுகவிடும்; சிறகை விரித்து நிழல் செய்யும்.

பழைய கிரேக்கர், முதிர்ந்த பெற்றோரைப் பிள்ளை நாரைகள் உணவூட்டிக் காக்கும் என்று நம்பினர். எபிரேய மொழியில் இதன் பெயரே அன்புடையது என்னும் பொருளது. இயற்கை அத்துணை எளிதன்று. உணவு குறைந்த ஆண்டில், பெற்றோரே கடைக்குஞ்சைக் கொன்று கூட்டிலிருந்து எறிதலும் சில வேளைகளில் உண்ணுதலும் கண்டறியப்பட்ட உண்மை. நாரையின் கூட்டிலும் வறுமை கொடியதே. சத்திமுத்தப் புலவருக்கு இது புதிய செய்தியாகத் தோன்றியிராது.

எங்கே போகின்றது?

புலவரின் மூன்றாம் அடையாளத்துக்கு வருவோம். நாரை தெற்கே போய் வடக்கே மீளும் என்பதைப் புலவர் ஐயமின்றிச் சொல்லுகின்றார். அப்பறவை தம் கூரைமேலேயே கூடு கட்டி வாழ்ந்தும், குளிர்காலத்தில் அது எங்கே போகின்றது என்பதைத் திட்டமாக அறிய ஐரோப்பியருக்கு நெடுங்காலம் சென்றது. நாரை தன் காலம் அறியும் என்று எரேமியாவின் ஆகமம் குறிப்பிடுகின்றது. ஆயின் இடம் இன்னதென்று சொல்லவில்லை. அரிஸ்டோட்டில் போன்ற பேரறிஞரும் நாரையை ஒளித்துறங்கும் பறவைகளுள் ஒன்றாக வைத்து எண்ணினார். பதினேழாம் நூற்றாண்டில் சார்ள்ஸ் மோற்றன் என்னும் ஆங்கிலேய சமய அறிஞர், நாரைகள் சந்திர மண்டலத்துக்குச் செல்கின்றன என்றும், அப்பயணத்துக்கு அறுபது நாட்கள் வேண்டும் என்றும் எழுதினார். நாம் நகைக்கலாம். அவர் வினாவோ நகைப்புக்குரியதன்று: கண்ணுக்கு மறைந்த பறவை எங்கேனும் இருந்துதானே ஆகவேண்டும்?

விடை ஒரு நாரையின் கழுத்திலே வந்தது. 1822 ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜேர்மனியின் வடபகுதியிலுள்ள கிளூற்ஸ் என்னும் ஊர்ப்புறத்தில் ஒரு நாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தை ஊடுருவி ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் நீளமான ஈட்டி ஒன்று நின்றது. ஈட்டியின் மரம் ஆபிரிக்காவுக்கு உரியது. ஆபிரிக்க வேட்டுவன் ஒருவன் எறிந்த படையைத் தாங்கிக்கொண்டு, பாலையையும் மலையையும் கடந்து, தன் கூட்டுக்கு மீண்டிருக்கின்றது அப்பறவை. மீண்ட இடத்தில் துப்பாக்கி காத்திருந்தது. அந்நாரையின் உடல் றொஸ்ரொக் பல்கலைக்கழகத்தில் இன்றும் ஈட்டியோடு வைக்கப்பட்டுள்ளது. ‘அம்பு நாரை’ என்று பெயர் பெற்ற இத்தகைய பறவைகள் அதன்பின்பும் கிடைத்தன; மொத்தம் இருபத்தைந்து அளவில் குறிக்கப்பட்டுள்ளன.

1899 இல் டென்மார்க் நாட்டுப் பாடசாலை ஆசிரியர் கிறிஸ்தியன் மோற்றென்சன், பறவையின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் பூட்டும் முறையைத் தொடங்கினார். ஆசிரியர் ஒருவரின் முயற்சி இது என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது. அம்முறை விரைவில் நாரைக்கும் வந்தது. 1908 இல் ஹங்கேரியில் வளையமிடப்பட்ட நாரையொன்று 1909 இன் தொடக்கத்தில் தென்னாபிரிக்காவின் நேற்றாலில் கிடைத்தபோது, பயணத்தின் மறுகோடியும் தெரிந்துவிட்டது. இன்று பறவையின் முதுகிற் பொருத்தும் சிறு கருவி, செயற்கைக்கோள் வழியாக அதன் இடத்தை அறிவிக்கின்றது. ‘இளவரசி’ என்னும் பொருள்படப் பெயரிடப்பட்ட ஜேர்மன் நாரையொன்று 1994 முதல் இவ்வாறு பின்தொடரப்பட்டு, 2006 இறுதியில் தென்னாபிரிக்காவில் இறந்தது.

ஐரோப்பிய நாரைகளுக்கு வழி இரண்டு. மேற்கிலுள்ளவை ஜிப்ரால்ற்றர் நீரிணையைக் கடந்து மேற்கு ஆபிரிக்கா செல்லும். கிழக்கிலுள்ளவை பொஸ்பரஸ் நீரிணை, யோர்தான் பள்ளத்தாக்கு, சீனாய், நைல் நதி என்று சுற்றிக் கிழக்கு ஆபிரிக்காவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் செல்லும். நடுவே மத்தியதரைக் கடல் குறுக்கு வழியாகக் கிடக்க, அதனை விடுத்துச் சுற்றிப் போவானேன்? நாரை சிறகடித்துப் பறக்கும் பறவையன்று. வெயிலிற் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் காற்றிலே வட்டமிட்டு உயர்ந்து, சிறகை விரித்தபடியே நெடுந்தூரம் வழுக்கிச் செல்லும்; அடுத்த காற்றிலே மீண்டும் உயரும். கடல்மேல் அத்தகைய காற்று எழுவது அரிது. சிறகடித்தே கடலைக் கடக்க முயன்றால் வலிமை தீர்ந்துவிடும். ஆதலின் பகலிலே, நிலத்தின்மேலே, கூட்டங்கூட்டமாகச் செல்லும். இரவில் இறங்கித் தங்கும். இவ்வாறு பத்தாயிரம் கிலோமீற்றரும் கடக்கும்.

இவ்வழியைக் கற்பிப்பவர் யார்? 1930களில் ஏர்ண்ஸ்ற் ஷூற்ஸ் என்னும் ஜேர்மன் அறிஞர், கிழக்குப் பிரசியாவின் நாரைக் குஞ்சுகளை மேற்கு ஜேர்மனிக்குக் கொண்டுசென்று, அங்குள்ள நாரைகள் புறப்பட்டுப்போன பின்னர் விடுவித்தார். வழிகாட்ட முதியவை இல்லாதபோதும், அவை தம் முன்னோர் சென்ற தென்கிழக்குத் திசையையே நாடின. திசை குருதியிலே ஊறியிருக்கின்றது. துறையும் தங்கிடமும் முதியவற்றின் பின்னே சென்று கற்கப்படுவன. பிறவியறிவும் குருமரபும் இரண்டும் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ!

நாரையும் பேடும்

புலவரின் நாரை தன் பேடோடு செல்கின்றது. பிரிந்திருக்கும் கணவன், பிரியாத சோடியைப் பார்த்துச் சொல்லும் சொல்லாதலின் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கின்றது. இவ்விடத்தில் ஆராய்ச்சியாளர் வேறொன்று சொல்லுகின்றனர். நாரைகள் கூட்டமாகப் போகுமேயன்றி, கணவனும் மனைவியுமாய்ச் சேர்ந்து போவதில்லை. குளிர்காலத்திலும் ஒன்றாய் இருப்பதில்லை. இளவேனிலில் ஆண் பெரும்பாலும் சில நாள் முந்தி வந்து கூட்டைச் செப்பனிடும். பெண் பின்னர் வரும். பழைய சோடி மீண்டும் சேர்வது, இரண்டும் பழைய கூட்டை நாடி வருவதனாலேதான். முன்னைய பெடை வரப் பிந்தினால், முதலில் வந்து இறங்கும் வேறு பெடையையும் ஆண் ஏற்றுக்கொள்ளும்.

இதனைக் கேட்டவுடன் புலவர் பிழைபட்டார் என்று தீர்ப்புச் சொல்லுதல் வேண்டா. அவர் கண்டது வானில் அடுத்தடுத்துச் செல்லும் பறவைகளை. அவற்றைக் கணவனும் மனைவியுமாகக் கண்டது அவரது பிரிவு. வழியைக் கண்ணாலே கண்டார். சோடியை நெஞ்சாலே கண்டார். இரண்டையும் வேறு வேறாக அறிந்துகொள்ளுதலே படிப்பவர் கடன்.

ஆயினும் நாரையின் வாழ்க்கை சில வேளைகளிற் பாட்டை நெருங்கி வருகின்றது. குரோசியாவிலே சிறிய ஊரொன்றில், 1993 இல் வேட்டைக்காரரின் குண்டு பட்டுச் சிறகிழந்த பெண்நாரை ஒன்றை ஒரு பாடசாலைக் காவலாளர் எடுத்து வளர்த்தார். மலேனா என்று பெயரிட்டார். அதனாற் பறக்க இயலாது. கூரைமேல் அதற்கொரு கூடு அமைத்துக் கொடுத்து, குளிர்காலத்தில் உள்ளே கொண்டுவந்து காத்தார். சில ஆண்டுகள் சென்றபின் ஓர் ஆண்நாரை வந்து அதனோடு சேர்ந்தது. ஊரார் அதனைக் கிளெப்பெற்றான் என்றனர். ஆவணி மாதமளவில் அது தெற்கே புறப்பட்டுவிடும். மலேனா கூரையிலே நிற்கும். பங்குனியில் அது தென்னாபிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 13,000 கிலோமீற்றர் கடந்து அதே கூரைக்கு மீளும். இது ஆண்டுதோறும் நிகழ்ந்தது. அறுபதுக்கு மேற்பட்ட குஞ்சுகள் அக்கூட்டிற் பொரித்தன. தாயாற் பறக்க இயலாமையால், குஞ்சுகளுக்குப் பறக்கும் பயிற்சி தந்தையின் பொறுப்பாயிற்று. மலேனா 2021 இல் இறந்தது.

கிளெப்பெற்றான் மீண்டது மனைவிக்காகவோ, கூட்டுக்காகவோ? கூட்டுக்காகவே என்பர் ஆராய்ச்சியாளர். இருக்கட்டும். போய் மீளுதல் என்பதே அப்பறவையின் இயல்பு. தூது அனுப்ப விழைபவனுக்கு வேண்டியதும் அஃதே. மனைவியிடம் செல்லும் வழி அறியாமல், தானே போக வகையுமின்றிக் கிடந்த புலவர், உலகிலே தவறாது வீடு திரும்பும் பறவையைத் தேர்ந்தெடுத்தார். தேர்வு பிழையாகவில்லை.

அருகியதும் பெருகியதும்

இருபதாம் நூற்றாண்டிலே அப்போக்குவரவு முறியும் நிலை வந்தது. ஐரோப்பாவிற் சதுப்பு நிலங்கள் நீர் வடிக்கப்பட்டு வயலாயின, தவளை குறைந்தது. மின்கம்பிகளிற் பட்டுப் பல பறவைகள் மாண்டன. ஆபிரிக்காவின் சாகெல் பகுதியிலே வறட்சி நீடித்தது. வெட்டுக்கிளிக்குத் தெளித்த நஞ்சு அதனை உண்ட நாரையையும் தாக்கியது. சுவிற்சர்லாந்தில் 1950 ஆம் ஆண்டில் கூடு கட்ட ஒரு சோடியும் இல்லை. நாரையைத் தன் அடையாளமாகக் கொண்டாடும் பிரான்சு நாட்டு அல்சாஸ் பகுதியில், 1974 இல் பத்துச் சோடிகூட எஞ்சவில்லை.

மனிதர் கெடுத்ததை மனிதரே ஓரளவு திருத்தினர். சுவிற்சர்லாந்தில் மக்ஸ் புளொயிஷ் என்பவர் 1948 இல் இம்முயற்சியைத் தொடங்கி, அல்ஜீரியாவிலிருந்தும் குஞ்சுகளை வருவித்து வளர்த்துப் பெருக்கினார். பல நாடுகளில் ஈரநிலங்கள் மீட்கப்பட்டன. கம்பங்களின்மேற் கூட்டுத் தட்டுகள் அமைக்கப்பட்டன. 2004, 2005 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பன்னாட்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 230,000 சோடிகள் எண்ணப்பட்டன. போலந்தில் மட்டும் ஐம்பதினாயிரம் அளவு.

எண்ணிக்கை மீண்டது, இயல்பு முழுதும் மீண்டது எனல் இயலாது. ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் நகரத்துக் குப்பைமேடுகள் ஆண்டு முழுதும் உணவளிக்கின்றன. ஆதலின் அங்குள்ள நாரைகள் பலவும், வடக்கிலிருந்து வருவனவற்றுட் சிலவும், ஆபிரிக்கா செல்லாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. பாலையைக் கடக்கும் இடரினின்றும் அவை தப்பிக்கொண்டன. அதனை நாம் குறைகூற இயலாது. ஆயினும், குப்பைமேட்டிலே நின்று இரை தேடும் நாரையிடம் எந்தப் புலவர் தூது சொல்வார்? எத்தலைமுறை முதியவற்றின் பின்னே சென்று துறை கற்கத் தவறுகின்றதோ, அத்தலைமுறையோடு அக்கல்வி மறையத் தொடங்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதிய நாரை தான் கற்ற வழியை இளையவற்றுக்குக் காட்டிக்கொண்டு போகின்றது. நாமோ பாட்டை மாத்திரம் மாணவர்க்குக் கொடுத்து, பாட்டிலுள்ள பறவையை வழியிலே விட்டுவிடுகின்றோம். செங்கால் நாரை நம் ஊருக்கு வருதல் அரிதாயினும், அதன் சுற்றத்தார் நம் நாட்டில் நிறைய உளர். மாரிக்காலத்திலே மன்னார் வங்காலைச் சதுப்பிலும் யாழ்ப்பாணக் களப்புகளிலும் வடநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகின்றன. ஒரு நாள் மாலை மாணவரை அழைத்துச் சென்று, கரையிலே சற்று நேரம் பேசாது நிற்கச் செய்யுங்கள். கால் என்ன நிறம், அலகு என்ன வடிவம், எத்திசையிலிருந்து வந்தது, எத்திசைக்குப் போகின்றது என்று அவர்கள் தாமே கண்டு எழுதட்டும். பின்னர் வகுப்பிலே சத்திமுத்தப் புலவரின் பாட்டை எடுத்துப் படியுங்கள். உரை அவர்களே சொல்வர்.